நங்கையா வாங்காத தொலைநோக்கி

என் மேஜை மேல் ஒரு பித்தளை லென்ஸ் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். மூன்றாக மடங்கும். விரித்து நிறுத்தினால் அடியில் சதுரமாக ஒரு திறப்பு, மேலே சின்னக் கண்ணாடி. பனியன் துணி மேல் வைத்துக் குனிந்தால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நூல் கண்ணி விழுந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். அறுபதுகளில் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த யாருடைய சட்டைப் பையைத் துழாவினாலும் இப்படி ஒன்று அகப்படும். அவையெல்லாம் ஆயுசு முழுக்கத் துணியையே பார்த்துவிட்டுப் பரணுக்குப் போயின. இது மட்டும் சனி கிரகத்தைப் பார்த்தது. கேட்கிறவர்கள் நம்பாமல் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் பக்கத்தில் நின்றவள்.

லென்ஸ் என் நங்கையாவுடையது. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நான் குன்னத்தூரில் ஆடு மாடுகளுக்கு நடுவே வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். வீட்டின் பின்கட்டில் நாலு பின்னல் மெஷின்கள் ஓடின. மெஷினிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை, அறுந்த கண்ணி, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது நங்கையாவின் வேலை. அவர் கையிலிருந்து ஒரு ஓட்டை தப்பிப் போனதை நான் கண்டதில்லை. கடைக்குப் போனாலும் அதே புத்திதான். புடவையோ, பையோ, குடையோ, முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். 'வெளிப்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க அம்மிணி, உள்ளாற பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும்' என்பார். அவரோடு துணிக்கடைக்குப் போனால் கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் சனியாம். பெண் பார்க்க வருவார்கள், ஊத்துக்குளி நெய்யில் செய்த பலகாரத்தை ஒரு கை பார்ப்பார்கள், 'பொண்ணு தங்கமாட்டம் இருக்குதுங்க, சாதகந்தான்...' என்று இழுத்துக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நங்கையா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் துணிக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். தின்ற முறுக்குக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? குடும்ப ஜோசியரோ தம் பங்குக்கு, 'சனி கெட்டியாப் புடிச்சிருக்கான் அம்மிணி, உடமாட்டான்' என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் தேர்த் திருவிழாவில் ஒருவன் மூன்று கால் வைத்த குழாயை நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தான். ராட்டினத்துக்குப் போகலாம் என்று நான் இழுக்க இழுக்க, நங்கையா அங்கே போய் நின்றுகொண்டார். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. 'அம்மிணி, அம்மைத் தழும்பாட்டக் குழி குழியா இருக்குது!' என்று கத்தினார். பிறகு அந்த ஆளிடம், 'ஏனுங்க, இதுல சனியப் பாக்க முடியுங்களா?' என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டான். 'எல்லாரும் சனிக்குப் பயந்து ஓடறாங்க, நீங்க தேடிப் போறீங்களே' என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டான். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் கால் கழுவும்போது நங்கையா சொன்னார். 'இத்தன வருசமா ஒருத்தன் என்னையப் புடிச்சிட்டு இருக்கறானாமா. அவன் மூஞ்சிய நான் ஒருக்கா பாக்கோணும்.'

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐப்பசியில் பல்லடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பவர்லூம் வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். இரண்டாம் தாரம் என்றால் சனி ஒன்றும் செய்யமாட்டான் என்று ஜோசியர் கணக்குச் சொன்னார். மாமியாருக்குப் பாதி சம்மதம், என் கணவருக்கு முழுச் சம்மதம். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்பதால், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் வருகிறோம், உறுதி வார்த்தை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நங்கையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'நான் சனியப் பாத்துப்போட்டுப் பதில் சொல்றேன்' என்றார். 'பாக்க முடியலீன்னா?' என்றார் என் கணவர். 'முடியலீன்னா நீங்க காட்டுற எடத்துல கழுத்த நீட்டறேன்.' அடுப்படியில் நின்ற நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என்ன பேச்சு இது, வானத்தை நம்பி வாக்குக் கொடுப்பார்களா?

நங்கையா வளையலுக்கென்று போட்டு வந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம். கேமராவும் கடிகாரமும் விற்கிற கடையில் பளபளவென்று ஒரு பித்தளைத் தொலைநோக்கி, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. நான் மயங்கிவிட்டேன். முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. 'அம்பது மடங்கு பெருசாக் காட்டுமுங்க' என்றார் கடைக்காரர். நங்கையா கேட்டுக்கொண்டே அதன் மூடியைத் திருகிக் கழற்றி, துணியைப் பார்ப்பதுபோல உள்ளே வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார். முன்னால் இருந்த அகலக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை, அதில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. 'ஏனுங்க, முகப்பு இத்தாப் பெருசு, வழி இத்துனூண்டா?' என்றார். கண்ணாடி மட்டமானதாக இருந்தால் ஓரத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்வார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அப்போது கடைக்காரர் இன்னொன்றை எடுத்து வைத்தார். விலை குறைவு, கூடவே மூன்று கால். நங்கையா அதன் காலை ஒரு விரலால் தொட்டார். குழாய் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இருந்தது. 'இது நிக்கறதுக்கே தடுமாறுது, எங்க சனியப் புடிக்கும்?' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விலைக்குத் தக்கது ஒன்றும் அங்கே இல்லை. எனக்கு அந்தப் பித்தளையை விட்டு வர மனசே இல்லை, இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

தெருக்கோடியில் மூக்குக் கண்ணாடிக் கடையைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் இரண்டு லென்ஸ்களைப் பிடித்துத் தொலைநோக்கி என்று காட்டியது ஞாபகம் வந்தது. கண்ணில் வைக்கிற பக்கத்துக்குத்தான் நங்கையாவின் பித்தளை லென்ஸ் இருக்கிறதே, முன்னால் வைக்க ஒன்று வாங்கினால் போதும். இங்கேதான் திருப்பூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். நூலில் நம்பர் ஏற ஏற நூல் சன்னம், சரக்கு உசத்தி. இருபதாம் நம்பரைவிட நாற்பதாம் நம்பர் மேல், அதைவிட அறுபது மேல். பிறந்தது முதல் காதில் விழுந்த கணக்கு இது. அதனால் நங்கையா கடைக்குள் நுழைந்ததுமே, 'இருக்கறதுலயே பெரிய நம்பரு குடுங்க' என்றார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் போடும் தடிமனான கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். நாங்கள் என்னவோ புதையலைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

அட்டையைச் சுருட்டி ஒட்டிப் பார்த்தால் நிலா ஒரு வாழைக்காய் பஜ்ஜி மாதிரி தெரிந்தது, சுற்றிலும் சிவப்பும் நீலமும் வழிந்தபடி. சனி எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஜோசியரின் பஞ்சாங்கமே உதவியது. அந்த வருஷம் சனி மேஷத்தில். சந்திரன் மேஷத்துக்கு வந்த அன்று, அதன் பக்கத்தில் மினுக்காமல் நிலையாக நின்ற மஞ்சள் வெளிச்சத்தை அடையாளம் வைத்துக்கொண்டோம். ஆனால் எங்கள் அட்டைக் குழாயில் அதுவும் வெறும் அழுக்குப் பொட்டுதான். ஜோசியர் வந்து பார்த்துவிட்டு, 'சனிகிட்ட வெளையாட்டு வெச்சுக்கலாமா அம்மிணி, அதுவும் இப்ப நீசமா இருக்கான்' என்றார். என் கணவர் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சிரித்திருந்தாலாவது எனக்குச் சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

மறுநாள் பகலில் நங்கையா துணி பார்க்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்து, அந்தத் தடித்த கண்ணாடியை உருட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஜன்னல், முன்னால் வெள்ளைப் பனியன் துணி தொங்குகிறது. திடீரென்று, 'அம்மிணி, ஓடியா!' என்று ஒரு சத்தம். ஓடினேன். துணி மேல் ஜன்னலின் படம் விழுந்திருந்தது, கம்பியெல்லாம் தெரிய, தலைகீழாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு. 'அம்மாவோட கண்ணாடிய எடுத்துட்டு வா' என்றார். மாமியார் படிக்கப் போடும் கண்ணாடி, நம்பர் குறைச்சல். அதைப் பிடித்தால் துணிக்குக் கிட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை; ஒரு முழம் தள்ளிப் போனதும் படம் விழுந்தது. ஜன்னல் இப்போது தீப்பெட்டி அளவு! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம்பர் குறையக் குறையப் படம் தூரத்தில் விழுகிறது, பெரிதாக விழுகிறது. 'அடக் கெரகமே, இது நூலு கணக்குக்குத் தலைகீழுல்ல!' என்று நங்கையா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாமியார் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தவர், எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டினார்.

திரும்பவும் கோயம்புத்தூர், அதே கடை. 'இருக்கறதுலயே சின்ன நம்பரு குடுங்க' என்றார் நங்கையா. கடைக்காரர் பாவம், எழுந்தே நின்றுவிட்டார். 'அரை நம்பர்தாங்க இருக்குது. இதப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்.' அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடந்த, பிரேமுக்கு இன்னும் வெட்டாத வட்டக் கண்ணாடி. யாரும் கேட்காத சரக்கு என்பதால் விலையும் அற்பம். பித்தளைத் தொலைநோக்கியின் மூடிக்குக்கூட அந்தக் காசு காணாது. வளையல் சீட்டு அப்படியே முந்தானையில் முடிந்தபடி வீடு திரும்பியது.

அரை நம்பர் கண்ணாடிக்குக் குழாய் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும். அட்டை வளைந்துவிடும். தகரக் குழாய் அடிக்கச் சொன்னால் ஆள் கிடைக்கவில்லை. நங்கையா மெஷினைப் பார்த்தார். எங்கள் துணி மற்றத் துணிபோலப் பாயாக இறங்குவதில்லை, தையலே இல்லாமல் குழாயாகத்தான் இறங்கும். பிள்ளைகள் பனியனுக்கு ஓட்டுகிற சின்ன மெஷினின் துணியை மைதாப் பசையில் முக்கி, நீளமான மர உருளையில் எண்ணெய்க் காகிதம் சுற்றி அதன் மேல் காலுறைபோல மாட்டி இழுத்தோம். இழுத்தால் ஒடுங்கிக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் இன்னொன்று, அது காய்ந்ததும் இன்னொன்று. உருளையை உருவியபோது பலகைபோலக் கெட்டியான குழாய் கையில் நின்றது. உள்ளே விளக்குக் கரி பூசினோம். நூல் சுற்றி வரும் காகிதக் கூம்பின் முனையில் பித்தளை லென்ஸைக் கட்டி, முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி கண் பக்கம் செருகினோம். முன்கண்ணாடிக்கு மேல், கோயம்புத்தூர்க் கடையில் பார்த்து ஏளனம் செய்த அதே கறுப்பு அட்டை! ஓரத்தை மறைத்தால்தான் படம் தெளிகிறது என்று நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். 'நாம முகப்பப் பெருசாக் காட்டி யாரையும் ஏமாத்தலையே' என்று நங்கையா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, விடாத மழை. தீபத்தன்று அகல்களை வாசலில் வைக்க முடியாமல் உள்ளேயே ஏற்றினோம். மறுநாள் மத்தியானம் பல்லடத்துக்காரர்கள் சாயங்கால பஸ்ஸில் வருகிறார்கள் என்று சேதி வந்தது. நான் முருகனை வேண்டவில்லை, திட்டினேன். நாலு மணிக்கு மேல் மழை விட்டது. ஆறு மணிக்குக் கிழக்கே மேகத்தில் ஒரு கிழிசல். எல்லாம் சரி, இத்தனை நீளக் குழாயை எதன் மேல் நிறுத்துவது? மூங்கிலில் கட்டினால் நட்சத்திரம் தவளைபோலக் குதிக்கிறது. அப்போதுதான் நூல் மூட்டை கொண்டு வரும் வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து, வண்டியைப் பின்பக்கம் சாய்த்துவிட்டார். மாடு பூட்டும் ஏர்க்கால் விசுக்கென்று மேலே எழுந்து வானத்தைக் காட்டி நின்றது. நங்கையா என்னைப் பார்த்தார், நான் நங்கையாவைப் பார்த்தேன். வண்டிக்காரருக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் குழாயை ஏர்க்காலோடு வைத்துக் கட்டியாகிவிட்டது. 'நல்லாத்தான் இருக்குது அக்கா, ஏரோப்ளேன் கெட்டுச்சு போங்க' என்று அவரே வண்டியைக் கிழக்கே திருப்பி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஏர்க்காலை ஏற்ற வேண்டுமானால் பின்னால் ஒரு மூட்டை, இறக்க வேண்டுமானால் ஒரு மூட்டையை எடுத்தால் போதும். அசையாது, ஆடாது. உள்ளே மூட்டையில் சாய்ந்து படுத்துக்கொண்டு பார்க்கலாம். ஜமீன்தாருக்குக்கூட அப்படி ஒரு வசதி கிடையாது.

சரியாக அந்த நேரத்துக்குப் பல்லடத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள், கூட ஜோசியர். என் கணவர் அவர்களை உள்ளே அழைக்கவும் முடியாமல் அக்காவை இறங்கச் சொல்லவும் முடியாமல் கையைப் பிசைந்தார். வண்டிக்குள்ளிருந்து, 'இன்னுங் கொஞ்சம் தூக்கு... போதும்... அங்கியே நிறுத்து' என்று நங்கையா எனக்குச் சொல்லும் சத்தம் வந்தது. நான் மூட்டையைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நங்கையாவின் குரல், குழந்தை குரலாட்டம்: 'தாம்பாளத்துல லட்டு வெச்சாப்பல இருக்கான் அம்மிணி!'

அவரைத் தள்ளாத குறையாக நான் ஏறிப் பார்த்தேன். கறுப்புக்குள் ஒரு சின்ன மஞ்சள் உருண்டை. அதைச் சுற்றி, தொட்டும் தொடாமலும், சாய்வாக ஒரு தட்டு. நிஜமாகவே தட்டு! பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. திரும்ப ஏர்க்காலை அசைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. பிறகு என் கணவர் ஏறினார், மாமியார் ஏறினார், வண்டிக்காரர் ஏறினார். மாப்பிள்ளையின் அப்பா, பல்லடத்துப் பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, 'அடேங்கப்பா!' என்று வாயில் கை வைத்தார். தெருவே கூடிவிட்டது. கடைசியில் ஜோசியர் ஏறியவர் இறங்கவே இல்லை. அடுத்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினார். 'இத்தன வருசமா கட்டத்துக்குள்ள எழுதறேன். இவ்வளவு லட்சணமா இருப்பான்னு ஒரு நாளும் நெனைக்கலீங்க' என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'அப்பறம், பொண்ணு என்ன சொல்லுது?' என்று கேட்டார். நங்கையா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜோசியரைப் பார்த்தே பேசினார். 'பாத்துட்டனுங்க. நீங்களும் பாத்தீங்க. அவன் ஒரு எடத்துல நிக்கறதே இல்ல, அவம்பாட்டுக்குப் போயிட்டே இருக்கான். நாமதான் வண்டியத் திருப்பித் திருப்பி அவனப் புடிக்கோணும். அவனா என்னையப் புடிச்சிட்டு இருக்கான்?' பிறகு பெரியவரிடம் கை கூப்பி, 'உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எனக்கு இஷ்டமில்லீங்க. சனி மேல பழியப் போட்டு நான் யாருக்கும் வாக்கப்பட மாட்டேன்' என்றார். பெரியவர் வண்டியைப் பார்த்தார், நங்கையாவைப் பார்த்தார். 'நியாயந்தானுங்க' என்றார். அதோடு கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சொல்லி இன்னொரு தடவை வண்டியில் ஏறினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் யார் ஜெயித்தது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஜாதகக் கட்டு பீரோவுக்குள் போனது, வெளியே வரவில்லை. வளையல் சீட்டோடு இன்னும் கொஞ்சம் புரட்டி நங்கையா தம் பெயரிலேயே இரண்டு மெஷின் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேண்டும் என்று தோன்றவில்லை என்றார், நான் நம்பினேன். ஒவ்வொரு கார்த்திகைக்கும் வாசலில் வண்டி சாயும்; சனி இல்லாவிட்டால் வியாழன், அதுவும் இல்லாவிட்டால் நிலா. போன வருஷம் கண்ணை மூடுவதற்கு முன்னால் இந்த லென்ஸை என் கையில் வைத்து மூடினார்.

போன மாதம் என் பேத்தி முதல் சம்பளத்தில் தொலைநோக்கி வாங்கப் போகிறேன் என்று செல்போனைக் காட்டினாள். எதை எடுத்தாலும் நானூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு. 'நம்பர நம்பாத கண்ணு. முன்கண்ணாடி முழுசா வேல செய்யுதான்னு பாரு, காலத் தட்டிப் பாரு, நடுங்கினா வேண்டாம்' என்றேன். அவள் செல்போனில் ஏதேதோ படித்துவிட்டு, 'நீங்க சொல்றதையேதான் பாட்டி இவங்களும் சொல்றாங்க' என்று சிரித்தாள். அவள் பட்ஜெட்டுக்குள்ளேயே தாழ்வான மரப் பெட்டி மேல் உட்கார்கிற குண்டுக் குழாய் ஒன்று வந்தது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் தட்டினால் அசையவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனின் அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே, 'எல்லாம் திருப்திங்க. சாதகத்துலதான் ஏழுல சனி...' என்று இழுத்தார். அதே இழுவை. என் பேத்தியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, எழுந்து நின்றுவிட்டேன். 'வாங்க, மொட்ட மாடிக்குப் போலாம்' என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்தேன். மேலே பனியன் கம்பெனிகளின் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. ஆனால் அவன் இருந்தான், மினுக்காமல். பேத்தி குழாயை அவன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். அந்த அம்மாள் பயந்து பயந்து குனிந்தார், கண்ணை வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். 'ஏனுங்க... இவனுக்கா நாம இத்தன நாளாப் பயந்துட்டு இருந்தோம்?'

என் இடுப்பில் செருகியிருந்த பித்தளை லென்ஸை எடுத்து விரித்தேன். 'நங்கையா, இன்னொருத்தரும் பாத்துட்டாங்க' என்று சத்தமாகவே சொன்னேன்.